நாற்காலியில் குத்திய காது

ஜூன் 7, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் இன்னும் ஈரம். பி.ஜி. விடுதி மொட்டை மாடியில் கயிறு முழுக்க யாருடையதோ பெட்ஷீட், நமக்கு ஓரத்தில் ஒரு முழம்.

செய்ய வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஆபீஸ் ஆட்கள் பெயர். ஹெல்மெட் கண்ணாடி மாற்ற. தொப்புளுக்குக் கீழே அரிப்புக்கு டாக்டர். (பெல்ட் பக்கிள் படுகிற இடம். மறுபடி சிவந்து தோல் உரிகிறது. போன வருஷம் வாட்ச் கட்டிய மணிக்கட்டில் இதே கதை.)

ஊத்தங்கரையிலிருந்து அம்மா போன். அம்மா விஷயத்தை எப்போதும் கடைசியில்தான் சொல்வாள். கடை, மழை, நான் கட்டிக்கொள்ளப் போகிற நித்யா வீட்டில் புடவை எடுத்தது எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

"கல்யாணத்துக்கு முந்தின வாரம் கோயில்ல உனக்குக் காது குத்திடணும்டா."

"இந்த வயசுலயாம்மா?"

"காது குத்தாதவன் தாலி கட்டக் கூடாது. நம்ம வழக்கம்."

"சரி, யார் மடியில உக்காரணும்?"

கடையில் அப்பா யாருக்கோ சர்க்கரை நிறுப்பது கேட்டது.

"உன் மாமன் மடியிலதான். வேற யார் மடியில?"

பேனா கையில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரே தம்பி, ஏழுமலை மாமா. இதே பெங்களூரில், ஜோகுபாளையத்தில் இருக்கிறார். நான் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. எனக்கு ஒரு வயதில் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் காவிரிக்காகப் பந்த். மாமா வந்த பஸ் எல்லையில் அத்திப்பள்ளியோடு நின்றுவிட்டது. செல்போன் இல்லாத காலம். நல்ல நேரம் போகிறது என்று அப்பா தன் சிநேகிதர் ஒருவரை மாமன் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். மாமா ஓசூர் வரை நடந்து, லாரி பிடித்து வந்து சேர்ந்தபோது நான் அந்த ஆள் மடியில். பார்த்திருக்கிறார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அவர் போனதும் அம்மா என்னை அந்த மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். என் தம்பி இல்லாமல் என் பிள்ளைக்குக் காது குத்த வேண்டாம் என்று. அதனால்தான் என் காது இன்றுவரை முழுசாக இருக்கிறது. இது மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்லணும்? நின்னு ஒரு வார்த்தை கேக்காம போனவன் அவன்."

முப்பது வருஷத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது. இரண்டு பேரும் இன்னும் பேசுவதில்லை. இப்போது நான் எண்பது கிலோவைத் தாண்டிவிட்டேன், இனிமேல் மடியாம்.

ஜூன் 9, திங்கள்

வெயில். ஆபீஸ் கேப் லேட். மேம்பாலத்தில் ஒரு கன்டெய்னர் நின்றுபோய் எல்லோருக்கும் தாமதம்.

மதியம் தோல் டாக்டர். வயிற்றைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். "நிக்கல் அலர்ஜி. பக்கிள்ல, வாட்ச்ல, ஜீன்ஸ் பட்டன்ல எல்லாம் இருக்கும்." களிம்பு எழுதினார். எழுந்து வரும்போது சும்மா கேட்டேன், காது குத்தலாமா என்று. பேனாவை வைத்துவிட்டார். "குத்தலாம். என்ன போடறீங்கங்கறதுதான் கேள்வி. புதுப் புண்ணுக்குள்ள நிக்கல் போச்சுன்னா ஆறவே ஆறாது."

சாயங்காலம் முழுக்க இதே வேலை. கேட்டதும் படித்ததும்:

– அம்மா: தங்கம். வேறு பேச்சே இல்லை.
– பக்கத்து அறை சேலத்துக்காரர்: வெள்ளி. உடம்புக்குக் குளிர்ச்சி.
– இணையம்: புதுத் துளைக்கு வெள்ளி ஆகாது, கறுக்கும்.
– இன்னொரு பக்கம்: சர்ஜிக்கல் ஸ்டீல் போடுங்கள், ஆபரேஷனுக்கே அதுதான்.
– அதற்குக் கீழேயே ஒருவர்: சர்ஜிக்கல் ஸ்டீலில் நிக்கல் இருக்கிறது, எனக்குக் காது வீங்கிப்போனது.
– முலாம் பூசியது கூடவே கூடாது. முலாம் போனால் அடியில் என்ன இருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.
– வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். "இருக்கலாம்" என்றால்? இருக்கிறதா இல்லையா?
– டைட்டானியம். ஆனால் எல்லா டைட்டானியமும் இல்லை, உடம்புக்குள் வைக்கிற தரம்.
– வேப்பங்குச்சி (அம்மாவின் இரண்டாவது போன்).

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். இதில் எதைத் தொட்டாலும் குறை. தலை சுற்றுகிறது.

ஜூன் 11, புதன்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நகைக்கடை. ஏசி, பன்னீர், நெற்றியில் குங்குமம் வைத்த சேல்ஸ்மேன். கடுக்கன் காட்டச் சொன்னேன். யாருக்கு என்றார். எனக்கு என்றதும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

"இதுல நிக்கல் இருக்கா?"

"சார், இது ஹால்மார்க் சார்."

"அது சரி. மிச்சம் என்ன கலந்திருக்கு?"

"செம்பு, வெள்ளி. சுத்தம் சார்."

"திருகாணியிலயும் அதே தங்கமா?"

உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "திருகாணி மட்டும் கொஞ்சம் கெட்டிக்காக வேற மாதிரி இருக்கும் சார். ஒண்ணும் ஆகாது."

முன்பக்கம் காட்டுவதற்கு. பின்பக்கம்தான் ஓட்டைக்குள் போவது. அந்தப் பின்பக்கத்துக்கு "ஒண்ணும் ஆகாது" என்று ஒரு சர்டிஃபிகேட். வாங்காமல் வந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "தங்கத்தையே சந்தேகப்படற ஒரே ஆளு நீதான்டா" என்றாள்.

இரவு சாப்பாடு: எலுமிச்சை சாதம், கெட்டியாகிவிட்ட தயிர்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம், மழை இல்லை. இன்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா தப்பா தெரியவில்லை.

டீமில் ஸ்வாதி, மைசூர்க்காரி, இரண்டு காதிலும் மேலிருந்து கீழே வரை தோடுகள். என் பட்டியலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏனு, இது காதா, ராக்கெட்டா?" என்று கன்னடம் கலந்து கேட்டுவிட்டு, கோரமங்களாவில் தான் குத்திக்கொண்ட இடத்துக்கு அழைத்துப் போனாள். பச்சை குத்துவதும் அங்கேதான், ஆனால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. குத்துபவள் பெயர் ரேஷ்மா, சிவாஜி நகர்க்காரி, தமிழ் பேசுகிறாள். அரை மணி நேரம் பொறுமையாகச் சொன்னாள். ஒரு வாரமாக இணையத்தில் கிடைக்காத தெளிவு. குறித்துக்கொண்டது:

துப்பாக்கி கூடாது, ஊசிதான். உடம்புக்குள் வைக்கிற தர டைட்டானியம், அதற்கான காகிதம் அவர்களிடம் இருக்கிறது. பின்பக்கம் தட்டையான வில்லை. வண்ணத்துப்பூச்சி மாதிரியான பூட்டு தலையணையில் மாட்டும். வீங்கும் என்பதால் தண்டு கொஞ்சம் நீளம். திருகாணியை இறுக்கினால் வீக்கத்துக்கு மூச்சு முட்டும். உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே மட்டும். திருகிவிடக் கூடாது. மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம்.

எட்டு வாரம் என்றதும் இடித்தது. அம்மா சொல்கிற நாளில் குத்தினால் தாலி கட்டும்போது இரண்டு காதும் வடை மாதிரி இருக்கும். கல்யாணம் ஆவணியில், அதற்கு முன் குத்தலாம் என்றால் நடுவில் ஆடி. ஆடியில் அம்மா ஆணிகூட அடிக்க விட மாட்டாள்.

அப்போதுதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. எந்த மென்பொருளையும் நேரே ஏற்றிவிடுவோமா? முதலில் தனியாக ஓட்டிப் பார்ப்போம். ஒரு காதில் மட்டும் டைட்டானியம் போட்டு உடம்பு ஏற்கிறதா என்று பார்ப்பது, பிறகு கழற்றிவிடுவது. தானாக மூடிக்கொள்ளும். கோயிலில் முறைக்குச் செய்வதை அம்மா முறைப்படிச் செய்துகொள்ளட்டும்.

வலது காது. எறும்பு கடித்த மாதிரி. ஸ்வாதி கைதட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் கண்ணாடியில் பார்த்தேன். லேசான சிவப்பு, அரிப்பு இல்லை. சோதனை வெற்றி. டீக்கடையில் ஒரு ஆள் என் காதையே பார்த்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

பத்து மணிக்கு அம்மா போன். மாமாவுக்கு நான்தான் போன் செய்ய வேண்டுமாம்.

"நீயே பேசேன்மா."

"நான் எதுக்கு? நீ அவன் மருமகன். நீ கூப்பிடு."

கூப்பிட்டேன். முதல் முறையாக அந்தக் குரல். அம்மா சளி பிடித்துப் பேசினால் இருப்பது மாதிரி.

"மாமா, நான் பிரபு. ஊத்தங்கரை அக்கா பையன்."

பின்னால் டிவி சத்தம் நின்றது. "சொல்லுப்பா."

"ஆவணியில எனக்குக் கல்யாணம் மாமா. அதுக்கு முன்னாடி காது குத்தணும். அம்மா உங்க மடியிலதான்னு சொல்றாங்க."

"இன்னும் குத்தலயா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கை தானாக வலது காதைத் தொட்டது. "இல்ல மாமா" என்றேன்.

"அன்னிக்கே அந்தாளு மடியில குத்தலயா?"

"அம்மா விடலயாம். நீங்க போனதும் என்னைத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டாங்களாம்."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட் ஆகவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இத்தினி வருசமா நான் இன்னான்னு நெனச்சினு இருந்தேன்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு, "வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாப்பா. உன் காதப் பாக்கணும்."

போனை வைத்தேன். நேற்று இருந்த புத்திசாலித்தனத்தில் துளிகூட மிச்சம் இல்லை.

நித்யாவிடம் சொன்னேன். ஓசூரில் பாங்கில் வேலை பார்ப்பவள், எதையும் கூட்டிக் கழித்துத்தான் பேசுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க மெட்டல டெஸ்ட் பண்ணல. மாமா எடத்துல மறுபடியும் வேற ஒருத்தர உக்கார வெச்சிருக்கீங்க."

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுதான் உண்மை. அந்த முழுக் காது ஒன்றுதான் அம்மா தன் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சி. நான் போய் அதில் ஓட்டை போட்டுவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஆபீஸில் புது வெர்ஷன் ரிலீஸ். என் கவனம் காதில்.

கழற்றிவிடலாமா? ரேஷ்மாவுக்கு போன் செய்தேன். கழற்றினால் வெளியே மூடின மாதிரி இருக்கும், உள்ளே புண் அப்படியே இருக்கும், அழுக்கு மாட்டிக்கொள்ளும் என்றாள். அதே இடத்தில் மறுபடி குத்த மாதக்கணக்கில் பொறுக்க வேண்டுமாம். "எடுக்காதீங்கண்ணா. நல்லா ஆறிட்டு வருது, ஏன் கெடுக்கறீங்க?"

கழற்றினால்: மாமாவுக்கு உடனே தெரியாது. காது கெடும். ஆவணியில் குத்தும்போது ஆசாரிக்குத் தெரிந்துவிடும். பொய் மேல் பொய்.

கழற்றாவிட்டால்: ஞாயிறே தெரிந்துவிடும்.

போகாமலே இருந்துவிட்டால்: அது எல்லாவற்றையும்விடக் கேவலம்.

முடி வளர்க்கலாம் என்று ஒரு யோசனை. ஐந்து நாளில் எவ்வளவு வளரும்?

ஹெல்மெட் போடும்போது காதில் உரசி உயிர் போகிறது. வண்டியை விட்டுவிட்டு பஸ்.

ஜூன் 22, ஞாயிறு

அல்சூரில் இறங்கி நடந்தேன். ஜோகுபாளையத்தில் ஒரு கோயில், ஒரு கறிக்கடை, சந்து. தெருவே தமிழும் கன்னடமுமாகக் கலந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது, தண்ணீர் லாரிக்காக. மாமா வீட்டு முன்னால் ஸ்கூல் வேன். அதை அவர்தான் ஓட்டுகிறார்.

நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிடக் குள்ளம். அம்மாவின் மூக்கு. வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அவர் மனைவி சரோஜா அத்தை தண்ணீர் கொடுத்துவிட்டு, "அப்டியே உங்கம்மா ஜாடை" என்றார்.

நான் ஒரு திட்டத்தோடுதான் போயிருந்தேன். இடது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மாமா பீரோவைத் திறந்து ஒரு சின்ன டப்பி எடுத்து வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு ஜோடி கடுக்கன். சிவப்புக் கல், சுற்றிலும் தங்கம், குழந்தைக் காதுக்கு ஏற்ற அளவு.

"அன்னிக்கு எட்தாந்தது. அப்டியே திருப்பி எட்துனு வந்துட்டேன். வித்துடலாம்னு அத்தை எத்தினியோ தபா சொன்னா. மனசு வரல."

என்ன மனுஷன்! ஊரில் எல்லோரும் இவரை ரோஷக்காரர் என்றுதான் சொல்லுவார்கள்.

மாமா கையை நீட்டி என் இடது மடலை இரண்டு விரலில் பிடித்துத் தடவிப் பார்த்தார். பல தடவை. கண் கலங்கியிருந்தது. நான் அசையவில்லை.

"திரும்பு" என்றார்.

திரும்பினேன்.

அத்தை சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

"இது யாரு மடியில?"

"நாற்காலியில, மாமா."

இதைவிடக் கேவலமான பதிலை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. அலர்ஜி, டைட்டானியம், எட்டு வாரம், சோதனை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. பஞ்சைச் சரி செய்தார். டப்பியை மூடினார். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"போன்ல இல்லன்னு சொன்னியே."

"ஆமா மாமா."

"சாப்ட்டுட்டுப் போ."

மட்டன் குழம்பு. அத்தை போட்டுக்கொண்டே இருந்தார். மாமா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், தலை தூக்கவில்லை. நானும் சாப்பிட்டேன். இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டேன். வேண்டாம் என்று எழுந்தால் அது இன்னொரு அவமானமாகிவிடும்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அந்தக் கடுக்கன இன்னும் வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்காரும்மா."

"செகப்புக் கல்லா?"

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் செகப்புதான் எடுத்திருப்பான்." அடுத்த மூச்சிலேயே, "முடி நரைச்சிடுச்சா அவனுக்கு?"

"முழுசா."

"சர்க்கரை இருக்குமே. எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. நீ கேக்கலயா?"

காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் செய்த கூத்துக்கு ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வைக்கும்போது மட்டும், "இன்னொரு காது இருக்கில்ல?" என்றாள். கேள்வியா, ஆறுதலா, புரியவில்லை.

ஸ்ப்ரே தீர்ந்துபோய்விட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 28, சனி

காலையில் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். கீழே யாரோ ஸ்கூல் வேனோடு நிற்கிறார்கள், எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மாமா! ஜோகுபாளையத்திலிருந்து இவ்வளவு தூரம். லுங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். அவர் வணக்கம் சொல்லவில்லை, நலம் கேட்கவில்லை. என் வலது காதைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"சீழு வச்சிச்சா?"

"இல்ல மாமா. நல்லா இருக்கு."

"அது இன்னா லோகம்னு சொன்ன?"

சொன்னேன். இந்த முறை கேட்டார். பெல்ட் தழும்பைக் காட்டச் சொன்னார். நடு ரோட்டில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வாட்ச் கட்னா இப்டித்தான் ஆவும்" என்றார். "ஆவணி வரிக்கும் எதுக்கு? ஆனியிலயே முச்சிடலாம். ஆடி வந்துட்டா ஆவாது. அந்த நாற்காலியிலயே நான் உக்கார்றேன், நீ எம்மேல உக்காரு. எடது காது இருக்குதில்ல."

நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கடுக்கன் நான் கொண்டார்றேன். அதத்தான் போடணும். அக்காவையும் வரச் சொல்லு."

போய்விட்டார்.

மனசு லேசாகிப் படியேறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். அந்தக் கடுக்கன்! முப்பது வருஷத்துக்கு முந்தையது. எந்தக் கடை, என்ன கலப்பு, திருகாணி எதில் செய்தது, அவருக்கே தெரியாது. புதுப் புண்ணில் அதைப் போட்டு வீங்கினால் மணமேடையில் சீழ் வடிகிற காதோடு நான். வேண்டாம் என்றால், "உன் தங்கத்தை நம்பவில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது. முதல் முறை அப்பா செய்தார், இரண்டாம் முறை நான், இது மூன்றாம் முறை ஆகும்.

நித்யா: "உங்க காது கெட்டா மருந்து போடலாம்." ரேஷ்மா: "எதுவா இருந்தாலும் எங்கிட்டக் காட்டாம போடாதீங்க." யார் சொல்வதைக் கேட்பது?

ஜூலை 4, வெள்ளி

குழப்பம் தீரவில்லை. கடைசியில் போட்டுக்கொள்வது என்று முடிவு. காது போனால் போகட்டும்.

இல்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் வருகிறது. ஆறவே ஆறாது.

தெரியவில்லை. ஞாயிறு பார்ப்போம்.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல வெயில். அம்மா முதல் பஸ்ஸில் வந்தாள். அப்பா வரவில்லை, கடையைப் பார்க்க ஆள் இல்லையாம். போன் செய்து, "உன் மாமன் நேரத்துக்கு வந்துடுவானா?" என்று மட்டும் கேட்டார். அம்மா நேற்றே குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். கல்யாணம் முடிந்து கோயிலுக்கு வருகிறோம் என்று வேண்டுதல்.

கோரமங்களா. மாமா எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. உள்ளே பச்சை குத்திக்கொள்ள வந்த பையன்கள் எல்லோரும் வேடிக்கை.

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்க மாமாவ உள்ள வந்து உக்காரச் சொல்லு. வெயில்ல நிக்கறாரு" என்றாள் அம்மா என்னிடம். அவர் இரண்டடி தூரத்தில் நிற்கிறார்.

"அக்கா பஸ்ல சாப்ட்டாங்களான்னு கேளு" என்றார் அவரும் என்னிடம்.

இதே ரீதியில் கொஞ்ச நேரம். நடுவில் நான், தபால்காரன் மாதிரி. நான் திருப்பிச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது.

மாமா டப்பியை ரேஷ்மாவிடம் நீட்டினார். ரேஷ்மா கையுறையோடு கடுக்கனை எடுத்து லென்ஸில் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாளோ.

"ரொம்ப அழகு மாமா. இப்ப இந்த வேலை யாரும் செய்யறதில்ல. ஆனா பாருங்க, கல்லுக்குப் பின்னாடி மூடியிருக்கு. உள்ள அரக்கு."

"ஆமா, பழைய வேலை."

"குத்தறதுக்கு முன்னாடி எதையும் சூட்டு மிஷின்ல வெச்சு எடுக்கணும். இத வெச்சா அரக்கு உருகிடும், கல்லு விழுந்துடும். காதுக்கு மட்டுமில்ல, கடுக்கனுக்கும் ஆகாது."

மாமா கையை நீட்டிக் கடுக்கனை வாங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன், "இல்ல, அதையே போட்டுக்கறேன் மாமா" என்று சொல்லத்தான். அதற்குள் அவர் ரேஷ்மாவிடம் திரும்பிவிட்டார்.

"அம்மா, அந்த டைட்டானியத்துல செகப்புக் கல்லு வெச்சது இருக்குதா?"

ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதில் நிக்கல் இல்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டார். நான் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியையெல்லாம் அவர் கேட்டார். தண்டு நீளம் போதுமா, பின்னால் குத்தாதா, குளிக்கலாமா. கடைசியில் ஒன்றை எடுத்தார். நான் காசு எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "தாய்மாமன் சீரு. நீ யாரு குடுக்க?"

கடுக்கன் டப்பியை என் கையில் வைத்தார். "இத உங்கம்மாகிட்ட குடு. ஆறினப்புறம் போட்டுவுடச் சொல்லு." கொடுத்தேன். அம்மா திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் மூடவில்லை.

அடுத்த சிக்கல் நாற்காலி. ரேஷ்மாவின் நாற்காலி இரண்டு பேரைத் தாங்காது என்றாள். பையன்கள் எழுந்து, வெளியே கிடந்த சோபாவை உள்ளே தள்ளி வந்தார்கள். மாமா உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, தொடையைத் தட்டினார், வா என்று. நான் உட்கார்ந்தேன். முழுப் பாரத்தையும் போடப் பயம், பாதி பாரம் என் காலில்.

"நல்லா உக்காரு. நான் தாங்குவேன்."

உட்கார்ந்துவிட்டேன். மாமா "ஹும்" என்றார். பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்க வெளியே ஓடினான். ரேஷ்மா மடலில் புள்ளி வைத்தாள். மாமாவின் கை என் வயிற்றைச் சுற்றி வந்தது. எட்டவில்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை இழுங்கண்ணா."

இழுத்தேன். கொஞ்சம் சரிந்தேன்.

"டேய் ஏழுமலை! நல்லாப் புடிடா, புள்ள விழுந்துடப் போறான்!"

அம்மா. என்னிடம் அல்ல.

சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது. என் முதுகுக்குப் பின்னால் அவர் நெஞ்சு ஒருமுறை குலுங்கியது.

"புடிச்சினுதான் கீறேன்க்கா."

ரேஷ்மா எப்போது குத்தினாள் என்று எனக்குத் தெரியாது.